பேட்டரிக்குள்ள ஒரு தமிழர்

குன்றத்தூர்க்காரன் பேட்டரி பத்தி பேசினா நோக்கியாவை விட்டுட்டுப் பேச முடியாது மக்கா. 2006ல் ஸ்ரீபெரும்புதூர்ல உற்பத்தி தொடங்கின ஆலையை 2014 நவம்பர்ல மூடிட்டாங்க. 2019ல் சார்ஜர் செய்யுற சால்காம்ப் அந்த ஆலையை வாங்கிச்சு. ஆனா நோக்கியாவோட பிஎல்-5சி பேட்டரி மட்டும் சாகவே இல்லை. சைனா ரேடியோ, குட்டி ஸ்பீக்கர், நம்மள மாதிரி சால்டரிங் பைத்தியங்களோட டப்பா, எல்லாத்துலயும் அந்த அளவு பேட்டரிதான்.

அதுக்கு ஒரு சூடான கதையும் உண்டு. மட்சுஷிதா 2005 டிசம்பர்லேர்ந்து 2006 நவம்பர் வரை செஞ்ச 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள், அபூர்வமா, சார்ஜ் ஏறும்போது ஷார்ட் ஆகி சூடாகலாம். மாத்தித் தர்றோம்னு 2007 ஆகஸ்ட்ல நோக்கியா அறிவிச்சது.

இப்போ கொஞ்சம் வேதியியல், தூங்கிடாதீங்க. 1980ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடைக் கொண்டு வந்தது. 1991ல் சோனி அதை வச்சு லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்கு விட்டது. சின்ன இடத்துல நிறைய சக்தி. ஆனா அளவுக்கு மீறி சூடானா அந்த ஆக்ஸைடே ஆக்ஸிஜனை வெளிய விடும். பக்கத்துலயே எரியக்கூடிய திரவம். மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்கோங்க.

இங்கதான் நம்ம ஆள் வர்றார். ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டுல ஒரு சின்ன கிராமத்தில் பிறந்து, மதுரையில் படிச்சு, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கி, குட்இனஃபோட சேர்ந்தவர். விலை அதிகமான கோபால்ட்டுக்குப் பதிலா சல்லிசான இரும்பு. ஆனா வெறும் ஆக்ஸைடில் இரும்பு 2.5 வோல்ட்கூட தராது. 1987லயும் 1989லயும் இவங்க ரெண்டு பேரும் வெளியிட்ட கட்டுரைகள் வழி காட்டின: சல்ஃபேட் மாதிரி கூட்டுக்குள்ள வச்சா அதே இரும்பு 3.6 வோல்ட் தருது! அதே பாதையில 1997ல் பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் மூணு பேரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை அறிவிச்சாங்க. பாஸ்பேட்ல ஆக்ஸிஜன் கெட்டியா பிணைஞ்சிருக்கும். லேசுல வெளிய வராது.

2019ல் குட்இனஃபுக்கு நோபல். ஸ்டாக்ஹோமில் அவர் சார்பா நோபல் உரை ஆற்றினது மந்திரம்தான். நம்ம பத்திரிகைகள்ல அது எத்தனை பேர் கண்ணுல பட்டுச்சோ!

சரி, எதை வாங்குறது? எடையும் இடமும் முக்கியம்னா பாதுகாப்பு சர்க்யூட் உள்ள லித்தியம் அயனி. ரிமோட், டார்ச்சுக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போதும். மொட்டை மாடி வெயில்ல கிடக்கப்போற ஈஎஸ்பி32 டப்பாவுக்கு என் ஓட்டு இரும்பு பாஸ்பேட்டுக்கு. அதே 18650 அளவுல, பாதி சக்திதான் கிடைக்கும், பரவாயில்லை. 3.2 வோல்ட் அந்த போர்டுக்கு அப்படியே பொருந்தும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. எங்கயும் கிடைக்கிற டிபி4056 சார்ஜர் 4.2 வோல்ட் வரை ஏத்தும். இரும்பு பாஸ்பேட்டுக்கு எல்லை 3.6. இதுக்குன்னு தனி சார்ஜர் கேட்டு வாங்குங்க.