முள் நடுவில் நின்ற படம்

மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்து, "அண்ணா, உங்க காலத்து ஹாஸ்டல் போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, ஒன்றே ஒன்று. 1980-இல் பிரிவு உபசார நாளன்று நான் எடுத்தது. மெஸ் வாசற்படியில் நம் சமையல் மாஸ்டர் கரண்டியும் கையுமாக நிற்கிறார். நான் உள்ளே நின்று எடுத்தேன். அவருக்குப் பின்னால் முற்றத்து வெயில், வேப்பமரம், யாரோ காயப்போட்ட லுங்கி எல்லாம் பளிச்சென்று விழுந்திருக்கின்றன. மாஸ்டரின் முகம் மட்டும் கரிக்கட்டை.

காமிரா அசாஹி பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக். அறைத்தோழனின் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் காமிராவுக்கு உள்ளேயே இருக்கிறது என்பது அன்று எங்களுக்குப் பெரிய அதிசயம். முள்ளை நடுவில் நிறுத்திவிட்டுத்தான் பட்டனை அழுத்தினேன். அப்புறம் ஏன் முகம் கறுத்தது? அதற்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் காமிராவின் வரலாறு எனக்குத் தெரிந்தது.

அசாஹி கம்பெனி 1919-இல் டோக்கியோவில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. ஜப்பானின் முதல் 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். காமிராவான அசாஹிஃப்ளெக்ஸை 1952-இல் கொண்டுவந்தது. பென்டாக்ஸ் என்ற பெயர் 1957-இல் வந்தது. லென்ஸுக்கு அவர்கள் வைத்த பெயர் டகுமார். நிறுவனர் குமாவோ கஜிவாராவின் சகோதரர் டகுமா கஜிவாராவின் நினைவாக வைத்த பெயர் அது. அவர் அமெரிக்காவில் குடியேறி, மனிதர்களின் உருவப்படம் எடுத்தே பெயர் வாங்கியவர். அவர் பெயர் கொண்ட லென்ஸை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு முகத்தைக் கோட்டைவிட்டேன்!

பழைய மீட்டர்களில் செலினியம் இருக்கும். வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரம் தரும், பாட்டரி வேண்டாம். ஆனால் சாயங்காலம் ஆனால் முள் அசையாது. காட்மியம் சல்பைடு வந்தபின் நிலைமை மாறியது. வெளிச்சம் கூடினால் இதன் மின்தடை குறையும். சின்ன பாட்டரி ஒன்று வேண்டும், ஆனால் மங்கலிலும் வேலை செய்யும். காமிராவுக்குள் பதுக்கிவைக்கும் அளவுக்குச் சிறியது. லென்ஸ் வழியாக உள்ளே வரும் வெளிச்சத்தையே அளந்துவிடலாம்.

1960-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் அசாஹி ஒரு மாதிரிக் காமிராவை வைத்தது. படத்தின் ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் மீட்டர் அதில் இருந்தது. ஸ்பாட் என்ற பெயர் வந்தது அதனால்தான். கடைக்கு வருவதற்குள் இன்னொரு ஜப்பானியக் கம்பெனி முந்திக்கொண்டது. 1963-இல் டோக்கியோ கோகாகுவின் டாப்கான் ஆர்.இ. சூப்பர், கண்ணாடியிலேயே மெல்லிய கீறல்கள் போட்டு, அதன் பின்னால் செல்லை வைத்து விற்பனைக்கு வந்துவிட்டது. ஸ்பாட்மேட்டிக் 1964-இல் வந்தபோது அதில் ஸ்பாட் இல்லை! கண் வைக்கும் துவாரத்துக்கு இருபுறமும் இரண்டு செல்கள். படம் முழுவதையும் பார்த்துச் சராசரி சொல்லும். புள்ளியை மட்டும் அளந்தால், பழக்கமில்லாதவர் வெள்ளைச் சட்டையிலோ கறுத்த தலைமுடியிலோ வைத்து அளந்து ஏமாறுவார். அதற்குச் சராசரியே மேல் என்று விட்டார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. எனக்கு அந்தப் பெயரில் இன்னமும் கொஞ்சம் கோபம் உண்டு.

லென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்விட்சை மேலே தள்ளினால் காட்சி சற்று இருளும், வலது ஓரத்தில் முள் ஆடும். ஷட்டரையோ துவாரத்தையோ திருகி அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிசிக்ஸ் படித்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இது நம் லேபில் மீட்டர் பிரிட்ஜில் ஜாக்கியை நகர்த்தி, கால்வனாமீட்டர் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினோமே, அதேதான். உள்ளே இருப்பது பிரிட்ஜ் சர்க்யூட். இரண்டு பக்கமும் சமம் என்று மட்டுமே முள் சொல்லும், படம் நல்லது என்று சொல்லாது. எதற்குச் சமம்? ஏறத்தாழ நூற்றுக்கு 18 பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு. என் படத்தில் முக்கால்வாசி வெயில். மீட்டர் அந்த வெயிலைச் சாம்பலாக்கப் பார்த்தது. நிழலில் நின்ற மாஸ்டர் இருட்டுக்குப் போய்விட்டார்.

கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் அன்றே சொன்னார்: "தம்பி, முகத்துக்கிட்ட போய் அளந்துட்டு, அப்புறம் பின்னால வந்து எடுத்திருக்கணும். நெகட்டிவ்ல அந்த இடத்துல ஒண்ணுமே இல்லையே, நான் எங்கேருந்து கொண்டுவர்றது?" நாலடி முன்னால் போயிருந்தால் போதும்.

அன்றைய மீட்டருக்குப் பாதரச பாட்டரி. அது இன்று கிடைக்காது. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் கலந்த கழிவு கடலில் சேர்ந்து, அங்கு பிடித்த மீனைத் தின்ற மக்களை முடமாக்கியது. யூஜின் ஸ்மித் 1971-லிருந்து அங்கே தங்கி எடுத்த படங்கள்தான் அதை உலகத்துக்குக் காட்டின. அந்த ஊரின் பெயரையே தாங்கிய சர்வதேச ஒப்பந்தம் 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்பாட்மேட்டிக்கில் வேறு பாட்டரி போட்டாலும் முள் பெரிதாகத் தவறுவதில்லை. பிரிட்ஜ் சமநிலைக்கு வந்தபின் வோல்டேஜ் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் முள் அசையாதே! நண்பன் வீட்டு பீரோவில் இருக்கும் அதே காமிராவில் போன மாதம் போட்டுப் பார்த்தேன். முள் எழுந்து நின்றது.

மாஸ்டர் இப்போது இல்லை. மலரில் என் படம் அச்சாகும்போது கரண்டியையும் தோள் துண்டையும் வைத்துத்தான் அவரை அடையாளம் காண வேண்டும். 1975-லிருந்து 85 வரை ஹாஸ்டலில் இருந்த நண்பர்களே, உங்களில் யாரிடமாவது அவர் முகம் தெரிகிற படம் இருந்தால், எவ்வளவு சின்னதானாலும் சரி, அச்சுக்குப் போகுமுன் மலர்க் குழுவுக்கு அனுப்பிவையுங்கள். என் படத்தை எடுத்துவிட்டு அதைப் போடச் சொல்கிறேன்.