லேசர் ஒளியை அளவில் நிறுத்திய வரலாறு

மலாக்கா மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் 1896-ஆம் ஆண்டு டான் சே யான் என்பார் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்ட வரலாறு அங்கே தொடங்குகிறது. அத்தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர் ஒன்றை நன்கறிவர். கத்தி பட்டையின் மேலோடு நின்றால் பால் சுரக்காது. ஆழப் பதிந்தால் மரம் புண்படும். லேசர் டயோட் என்னும் சிறு ஒளிக்கருவியின் இயல்பும் ஏறத்தாழ இத்தகையதே.

அக்கருவியை 1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் ஹால் குழுவினர் முதன்முதல் இயக்கிக் காட்டினர். அன்று அதற்குக் கடுங்குளிர் வேண்டியிருந்தது. சாதாரண வெப்பத்தில் இடையறாது ஒளிரச் செய்தவர்கள், 1970-இல், லெனின்கிராடில் அல்ஃபியோரவ் குழுவினரும் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹயாஷி, பானிஷ் இருவரும் ஆவர்.

ஒளிரச் செய்தாயிற்று, அடக்குவது எப்படி? மின்னோட்டம் ஓர் எல்லையைத் தாண்டும்வரை அது வெறும் மங்கல் விளக்கு. தாண்டியபின் சிறிது மின்னோட்டம் கூடினாலும் ஒளி செங்குத்தாய் ஏறும். மிகுந்தால் கண்ணாடி போன்ற அதன் முகப்பு நொடியில் கருகும். அவ்வெல்லையோ வெயிலில் ஒன்று, குளிரில் ஒன்று, மூப்பிலும் உயரும். ஆகவே டயோடின் பின்புறம் ஓர் ஒளியுணரியை வைத்து, அது காணும் ஒளி குறித்த அளவில் நிற்குமாறு மின்னோட்டத்தைத் திருத்தும் சுற்றை அமைத்தனர். 1982-இல் வந்த குறுந்தட்டுக் கருவிகள் இம்முறையைக் கையாண்டன. ஆனால் குறித்த அளவை வைத்தது ஒரு சிறு திருகாணி! தூசி படிந்து அதன் தொடர்பு ஒரு கணம் விட்டால், சுற்றின் அமைப்பைப் பொறுத்து, டயோடே பாழாகலாம்.

திருகாணியின் இடத்தை எண் பிடித்தது. 256 படிகள் கொண்ட மின்தடைச் சில்லு, மின்சாரம் நின்றாலும் தன் எண்ணை மறவாது. வெப்பத்துக்கேற்ற எண்களை அட்டவணையாகவே நினைவில் வைக்கலாம். இன்னும் மலிவான வழி, சிறு கணிப்பொறிச் சில்லின் துடிப்புகளை ஒரு தடையும் மின்தேக்கியும் கொண்டு சமப்படுத்துவது. சரிவரச் சமப்படாத துடிப்போ ஒளியில் நடுக்கமாய்த் தெரியும். சில்லு விழித்தெழும் முதற்கணத்தில் என்ன எண் வரும் என்று நம்ப இயலாது. எனவே உச்ச மின்னோட்டத்தைத் தடுக்கத் தனியே ஒரு மின்தடை வேண்டும். மலிவு கருதி இதை விடுவது பொய்ச் சிக்கனம்.

சில்லுகள் மலிந்ததில் மலாக்காவுக்கும் பங்குண்டு. 1970-களில் பத்து பெரண்டாம் வட்டாரத்தில் சீமென்ஸ், நேஷனல் செமிகண்டக்டர் ஆலைகள் எழுந்தன. 2005-இல் திறக்கப்பட்ட சீ-மீ-வீ 4 என்னும் கடலடிக் கம்பி மலாக்காவிலும் கொழும்பிலும் சென்னையிலும் கரையேறுகிறது. அதனுள் ஓடுவது லேசர் ஒளியே. நகரங்களின் ஒளியிழைப் பெட்டிகளில் உள்ள சிறு கருவிகள் பல, தம் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் அனுப்பும் ஒளியையும் தாமே எண்ணாகச் சொல்கின்றன. அதே ஒளிக்கு ஆண்டுதோறும் மின்னோட்டம் ஏறிவந்தால், டயோட் மூத்துவிட்டதென்று பழுதுபார்ப்பவர் அறிந்து, அது அணையுமுன்னே மாற்றிவிடுகிறார்.