விதியும் காரணமும்: மருத்துவக் கல்வியில் மைசின், கைடன் நிரல்கள்

மருத்துவம் பயில்வோர்க்குச் செயற்கை நுண்ணறிவைக் கற்பித்தல் அண்மையில் தோன்றிய தேவையாகவே பெரிதும் கருதப்படுகிறது. ஆயின், மருத்துவக் கல்வியும் செயற்கை நுண்ணறிவும் 1970களிலேயே ஒன்றையொன்று எதிர்கொண்டன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேற்கொள்ளப்பட்ட அம்முயற்சிகள், பயில்வோர்க்கு எதனைக் கற்பிக்க வேண்டும் என்னும் வினாவைத் தெளிவாக முன்வைத்தன.

அங்கு மருத்துவ மாணவராக இருந்த எட்வர்டு ஷார்ட்லிஃப், புரூஸ் புக்கானன், ஸ்டான்லி கோஹன் ஆகியோருடன் இணைந்து ‘மைசின்’ என்னும் நிரலை உருவாக்கினார். குருதித் தொற்று, மூளையுறை அழற்சி ஆகியவற்றுக்குரிய நுண்ணுயிர் எதிர்ப்பிகளை அது பரிந்துரைத்தது. ‘இன்னது இருப்பின் இன்னது முடிவு’ என்னும் வடிவில் அமைந்த சில நூறு விதிகளே அதன் அறிவுத் தொகுதி. மூளையுறை அழற்சி நோயாளிகள் பத்துப் பேரை முன்வைத்து நிகழ்ந்த மதிப்பீடு 1979இல் வெளியாயிற்று. அதில் மைசினின் பரிந்துரைகள் வல்லுநர்களிடம் 65 விழுக்காடு ஏற்பைப் பெற்றன. ஒப்பிடப்பட்ட மருத்துவப் பேராசிரியர் எவரும் அவ்வளவை எட்டவில்லை.

இத்தகைய அறிவை மாணவர்க்குக் கற்பிக்கும் நோக்குடன், மைசினின் விதிகளைக் கொண்டு வில்லியம் கிளான்சி ‘கைடன்’ என்னும் பயிற்று நிரலை அமைத்தார். அப்போதுதான் குறை புலப்பட்டது. எட்டு வயதுக்குட்பட்டோர்க்கு டெட்ராசைக்ளின் தரலாகாது என்பது மைசினின் விதிகளுள் ஒன்று. அம்மருந்து வளரும் எலும்பிலும் பல்லிலும் படிந்து, பல்லின் நிறத்தை நிலையாக மாற்றிவிடும் என்னும் காரணம் அவ்விதியில் இல்லை. ‘ஏன்’ என வினவினால் மைசின் தான் கையாண்ட விதியைக் காட்டும். அவ்விதியின் அடிப்படையைக் காட்டாது. மருந்தைப் பரிந்துரைக்க விதி போதும். கற்பதற்கு அது போதாது. காரணம் அறியாத மாணவர் விதியை மனனம் செய்யலாம். உயிர்காக்க வேறு மருந்து இல்லாத நிலையில் அதனை மீறலாமா என எடைபோட அவரால் இயலாது.

கைடன் தந்த பட்டறிவிலிருந்து உருவான ‘நியோமைசின்’, நோயறியும் உத்தியை மருத்துவச் செய்திகளிலிருந்து பிரித்து வெளிப்படையாக அமைத்தது. 1983இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் கிளான்சி, விதிகளுள் மறைந்துகிடந்த இவ்வறிவு வகைகளை விரிவாகப் பகுத்துக் காட்டினார்.

மைசினின் விதிகள் எழுத்தில் இருந்தமையால் அவற்றைப் படித்துக் குறைகாண முடிந்தது. தரவுகளிலிருந்து தாமே கற்கும் இன்றைய அமைப்புகளில் அத்தகைய விதிகள் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆகவே, கருவியை இயக்கும் திறனோடு, அது தரும் விடையை நோயியல், மருந்தியல் காரணங்களைக் கொண்டு சோதிக்கும் திறனும் மருத்துவப் பாடத்திட்டத்தில் இடம்பெறுதல் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.