இரவு ஊர்வலங்களில் ஆண்கள்

பெண்கள் மீதான வன்முறையைக் கண்டித்துப் பெண்களே நடத்தும் ஊர்வலங்களில், குறிப்பாக ‘இரவை மீட்போம்’ என்ற முழக்கத்தோடு நடப்பவற்றில், ஆதரவாக வரும் ஆண்களின் இடம் எது என்பது அரை நூற்றாண்டாகப் பேசப்பட்டுவரும் பொருள். உடன் நடப்பதா, பின்னால் வருவதா, பாதையோரம் நிற்பதா, அன்று மாலை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதா என்பதற்கு ஊருக்கு ஊர் விடை மாறியிருக்கிறது.

இத்தகைய முதல் ஊர்வலம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1975இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு பெண் அறிவியலாளர் கொல்லப்பட்டதை அடுத்து நடந்ததைச் சிலர் கூறுவர். 1976 மார்ச்சில், பெண்களுக்கு எதிரான குற்றங்களை விசாரிக்கப் பிரஸ்ஸல்ஸில் கூடிய பன்னாட்டுத் தீர்ப்பாயத்தை ஒட்டி நடந்த மெழுகுவத்தி ஊர்வலத்தை வேறு சிலர் முன்வைப்பர். 1977 ஏப்ரல் 30 இரவு மேற்கு ஜெர்மனி நகரங்களில் பெண்கள் நடந்ததே பிரிட்டனுக்கு நேரடித் தூண்டுதல்.

பிரிட்டனைப் பற்றியே விரிவாக எழுதப்பட்டுள்ளது. ‘யார்க்‌ஷயர் ரிப்பர்’ எனப்பட்ட கொலைகாரன் 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்றான். இருட்டிய பிறகு வெளியே வராதீர்கள் என்று காவல்துறை பெண்களுக்கு அறிவுரை சொன்னது. கொல்பவன் ஆணாக இருக்க, வீட்டுக்குள் அடைபட வேண்டியவர்கள் பெண்களா என்ற கோபத்தில் 1977 நவம்பர் 12 இரவு லீட்ஸ் உள்ளிட்ட பல நகரங்களில் பெண்கள் தீப்பந்தங்களோடு தெருவில் இறங்கினர். ஊரடங்கு போடுவதானால் ஆண்களுக்குப் போடுங்கள் என்பது அவர்களுடைய புகழ்பெற்ற கோரிக்கை. கொலைகாரன் 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில்தான் பிடிபட்டான்.

இந்த ஊர்வலங்களைப் பெண்கள் மட்டுமே நடத்தியதற்குச் சொல்லப்பட்ட காரணம் எளியது: அண்ணனோ கணவனோ துணைக்கு வந்தால்தான் இரவில் நடக்கலாம் என்பதை எதிர்த்து நடக்கும்போது, ஆண் துணையோடு நடப்பதில் பொருளில்லை. ஆண்கள் ஒதுங்கி நின்றால் இது ‘பெண்கள் பிரச்சினை’ என்றே ஆகிவிடும் என்பது மறுதரப்பு. இரு தரப்பும் இன்றுவரை உள்ளன.

ஒதுங்கி நிற்கும் ஆண் என்ன செய்யலாம் என்பதற்கு முன்னோடி ஒன்று இதற்கும் சில ஆண்டுகள் முந்தியது. அது ஊர்வலமன்று, மாநாடு. 1970 பிப்ரவரி இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரியில் பிரிட்டனின் முதல் தேசியப் பெண் விடுதலை மாநாடு நடந்தது. எதிர்பார்த்ததைவிட மிகப் பலர் வந்தனர். அவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் ஆண்கள். பின்னாளில் பண்பாட்டு ஆய்வின் பெரும்பெயரான ஸ்டூவர்ட் ஹாலும் அவர்களில் ஒருவர். சிறுபிள்ளைகளுக்கு நடுவே அவர் இருக்கும் புகைப்படம் எஞ்சியிருக்கிறது. ஹாலைப் பற்றி எழுதுவோர் அவருடைய நூல்களுக்குத் தரும் இடத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட இந்தப் படத்துக்குத் தருவதில்லை. மாநாட்டின் நான்கு கோரிக்கைகளில் ஒன்று, 24 மணி நேரமும் இயங்கும் கட்டணமில்லாக் குழந்தைகள் காப்பகம்.

மங்கிப்போன லண்டன் ஊர்வலத்தை 2004இல் ஃபின் மக்கே தொடங்கிய லண்டன் பெண்ணிய வலையமைப்பு மீட்டது. அங்கே ஒரு சமரசம் உருவானது: தெருவில் பெண்கள் மட்டும் நடப்பார்கள், முடிவில் நடக்கும் பொதுக்கூட்டத்துக்கு ஆண்களும் வரலாம். பிற நகரங்களில் ஆண்களும் நடக்கும் ஊர்வலங்கள் உண்டு. வட அமெரிக்கக் கல்லூரி வளாகங்கள் சிலவற்றில், பெண்கள் கடந்து செல்லும்வரை ஆண்கள் பாதையோரம் மெழுகுவத்தியோடு நின்றனர்.

கனடாவில் ஆண்கள் தமக்கென ஓர் இயக்கமே தொடங்கினர். 1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியாலின் எக்கோல் பாலிடெக்னிக்கில் துப்பாக்கியோடு நுழைந்தவன் ஒரு வகுப்பறையில் ஆண் மாணவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பெண்களைச் சுட்டான். அன்று மொத்தம் 14 பெண்கள் இறந்தனர். இதன் தாக்கத்தால் 1991இல் மைக்கேல் காஃப்மன், பின்னாளில் புதிய ஜனநாயகக் கட்சித் தலைவரான ஜாக் லேட்டன் முதலியோர் ‘வெள்ளை ரிப்பன்’ இயக்கத்தைத் தொடங்கினர். முதல் ஆண்டிலேயே ஒரு லட்சம் ஆண்கள் ரிப்பன் அணிந்தனர் என்பது இயக்கத்தார் தரும் கணக்கு. சட்டையில் ரிப்பன் குத்திக்கொள்வது எளிது, பாராட்டும் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது என்ற குறை இதன்மீது உண்டு. 2001இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய, ஆண்கள் குதிகால் செருப்பு அணிந்து ஒரு மைல் நடக்கும் நிகழ்ச்சி இன்னும் கடுமையான விமர்சனத்தைப் பெற்றது; தள்ளாடி நடப்போரைப் பார்த்துக் கூட்டம் சிரிப்பதில் வன்முறை பற்றிய பேச்சு காணாமல் போகிறது என்பர்.

2015 பிப்ரவரியில் துருக்கியின் மெர்சினில் ஒரு மாணவி கொல்லப்பட்டபோது, பெண்களைப் பின்னே நிற்கச் சொன்ன இமாமின் சொல்லைக் கேளாமல் சவப்பெட்டியைப் பெண்களே தூக்கினர். அதற்குச் சில நாள் கழித்து இஸ்தான்புலில் ஆண்கள் குட்டைப் பாவாடை அணிந்து ஊர்வலம் சென்றனர். உலகப் பத்திரிகைகளில் அந்தப் பாவாடைப் படங்கள் பரவலாக வெளிவந்தன. இக்கட்டுரையாளருக்கு நினைவில் நிற்பது சவப்பெட்டியைத் தாங்கிய தோள்கள்.

இந்தியாவில் அண்மையது கொல்கத்தா ஊர்வலம். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் 2024 ஆகஸ்ட் 9 அன்று வன்புணர்ந்து கொல்லப்பட்டதை அடுத்து, சுதந்திர தினத்துக்கு முந்தைய இரவு 11.55 மணிக்குத் தெருவுக்கு வருமாறு பெண்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. முதலில் குறிக்கப்பட்டவை கல்லூரித் தெரு, ஜாதவ்பூர் போன்ற சில இடங்களே. மாநிலமெங்கும் மக்கள் திரண்டனர், ஆண்களும் பெருமளவில் வந்தனர். அதே இரவில் ஒரு கும்பல் அந்த மருத்துவமனைக்குள் புகுந்து அவசர சிகிச்சைப் பிரிவை அடித்து நொறுக்கியது.