கடன் கொடுத்த மாநிலமும் ஆள் அனுப்பிய மாநிலமும்

அமெரிக்காவில் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் உண்டு, தனி வரவு செலவும் உண்டு. அந்த வரவு செலவு கவிழும்போது மாநில அரசு எப்படித் தலையிடுகிறது? ஓக்லாந்தில் கலிபோர்னியா செய்ததையும் டெட்ராய்ட்டில் மிச்சிகன் செய்ததையும் சேர்த்துப் பார்த்தால், எது உதவி, எது பறிப்பு என்பது தெரியவரும்.

கலிபோர்னியாவின் ஏற்பாட்டுக்கு வித்திட்டது ஒரு நெருக்கடி. 1991இல் ரிச்மண்ட் மாவட்டம் கையில் காசில்லாமல், கல்வியாண்டு முடிய ஆறு வாரம் இருக்கையிலேயே பள்ளிகளை மூடுவதாக அறிவித்தது. பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். மாவட்டத்தின் நிர்வாகக் கோளாறைக் காரணம் காட்டி மாநிலம் பிள்ளைகளைக் கைவிட முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. 1991இலேயே வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுக்கு இருமுறை இடைக்காலக் கணக்கைக் கவுண்டி கல்வி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இந்த ஆண்டோடு அடுத்த இரண்டு ஆண்டுச் செலவையும் சமாளிக்க முடியுமென்றால் 'பாசிட்டிவ்'. சந்தேகமென்றால் 'குவாலிஃபைட்'. இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ தாங்காது என்றால் 'நெகட்டிவ்'. மூழ்குவதற்கு முன்பே எச்சரிக்கும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனாலும் ஓக்லாந்து தப்பவில்லை. சம்பளம் உயர்ந்திருந்தது, மாணவர்கள் குறைந்திருந்தார்கள், பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது காலம் கடந்தே தெரிந்தது. 2003இல் மாநிலம் 10 கோடி டாலர் வரை கடன் கொடுக்க முன்வந்தது. அதற்கு ஈடாக வாரியத்தின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு தன் நிர்வாகியை உட்கார வைத்தது. 2009இல் அதிகாரம் வாரியத்துக்குத் திரும்பியது. ஆனால் நிதி முடிவுகளைத் தடுக்கக்கூடிய மாநிலக் கண்காணிப்பாளர் தொடர்ந்து இருந்தார்.

டெட்ராய்ட்டின் கதை இன்னும் கசப்பானது. 1999இல் மிச்சிகன் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தை அகற்றியபோது மாவட்டத்தின் கையில் உபரிப் பணம் இருந்தது. தேர்ச்சி குறைவு என்பதே சொல்லப்பட்ட காரணம். 2006இல் வாரியம் திரும்பி வந்தபோது எதிர்கொண்டது பற்றாக்குறையை. 2009இல் மாநிலம் நியமித்த அவசர நிதி மேலாளர் வந்தார். அவருக்குப் பின் ஒருவர் மாற்றி ஒருவராக 2016 வரை மேலாளர் ஆட்சிதான். 2011ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குத் தொழிற்சங்க ஒப்பந்தங்களையே மாற்றும் அதிகாரத்தைத் தந்தது. 2012 நவம்பரில் மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தை நிராகரித்தார்கள். டிசம்பரிலேயே சட்டமன்றம் அதைப் போன்ற இன்னொன்றை நிறைவேற்றியது, அதுவும் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோக முடியாதபடி நிதி ஒதுக்கீட்டோடு சேர்த்து. மக்களின் தீர்ப்பை இப்படிக் கடந்து போனதை எந்த நிதி நியாயமும் ஈடுகட்டாது.

மேலாளர்கள் சீர்செய்த கணக்கின் விலையை 2016 ஜனவரியில் ஊர் பார்த்தது. ஆசிரியர்கள் மொத்தமாக நோய் விடுப்பு எடுத்தார்கள், பெரும்பாலான பள்ளிகள் மூடிக் கிடந்தன. சுவரில் பூசணம், ஈரத்தில் ஊறிப் புடைத்தெழுந்த விளையாட்டுக்கூடத் தரை, அங்கே முளைத்த காளான் என்று படங்கள் வெளிவந்தன. அந்த ஆண்டு ஜூனில்தான் மாநிலம் 61.7 கோடி டாலர் ஒதுக்கியது. பழைய மாவட்டம் கடனைக் கட்டுவதற்கு மட்டும் நின்றது, பாடம் நடத்தப் புதிய மாவட்டம் பிறந்தது.

இரண்டு வழிகளும் தொடாத இடம் ஒன்று உண்டு, அது வரவு. இரு மாநிலங்களிலும் பணம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தே வருகிறது. முப்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர் தனியார் நடத்தும் சார்ட்டர் பள்ளிக்கோ வேறு ஊருக்கோ போய்விட்டால் மூவருக்கான பணமும் போய்விடும். ஆசிரியர் சம்பளமோ வெப்பமூட்டும் செலவோ கூரையோ குறைவதில்லை. 1999இல் 1.6 லட்சத்துக்கு மேல் இருந்த டெட்ராய்ட் மாணவர்கள் 2016இல் 50,000க்கும் கீழே வந்துவிட்டார்கள். எந்த மேலாளராலும் செலவை அந்த வேகத்தில் வெட்ட முடியாது.

அதிகாரத்தை எடுத்துக்கொள்ளும் அரசு, அந்தக் காலத்தில் ஏறும் கடனையும் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டெட்ராய்ட்டில் மிச்சிகன் அதைப் பதினேழு ஆண்டுகள் கழித்து, அதுவும் அரைகுறையாகத்தான் ஏற்றது. பழைய கடன் அதன் பிறகும் உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்தே அடைக்கப்பட்டது. ஓக்லாந்து தன் பிள்ளைகளின் வகுப்பறைப் பணத்திலிருந்தே தவணை கட்டி, 2025இல்தான் கடனை முடித்தது. அதே ஆண்டில் அது மறுபடியும் பெரும் பற்றாக்குறையோடு பட்ஜெட் போட்டுக்கொண்டிருந்தது. எந்தப் பள்ளியை இணைப்பது, எந்தப் பணியிடத்தை நீக்குவது என்ற சண்டை ஊருக்குள் கடுமையாகவே நடந்தது, ஆனால் இம்முறை அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வாரியத்தினர்.