சோழியில ஓடின அல்காரிதம்

கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்த்துப் படிக்கலாமான்னு கேட்குறவங்களுக்கு நம்ம புதுச்சேரிக் கதை ஒண்ணு.

1825. தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருத்தர் தரையில் சோழி பரப்பி, சொற்களாக மனப்பாடம் செய்த அட்டவணைகளை வைத்தே, மே 31 இரவின் சந்திர கிரகணத்தை ராணுவ அதிகாரி ஜான் வாரனுக்குக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிஷம்தான். நடுவில் 23, முடிவில் 52.

ஆனா அந்தக் கணக்குக்குப் பின்னால இருக்குற கோட்பாடு அவருக்குத் தெரியாதுன்னு வாரன் ‘கால சங்கலித’ நூலில் எழுதியிருக்கார். படிகள் தெரியும், காரணம் தெரியாது.

இன்ஜினியரிங் முடிச்சு கோட் எழுதுற நானும் அப்படித்தான். லைப்ரரியைக் கூப்பிடுவேன், விடை வரும். அந்த விடை 52 நிமிஷம் தப்பினா, ஏன் தப்புச்சுன்னு கண்டுபிடிக்க கணிதம் வேணும். முடிஞ்சா ரெண்டையும் சேர்த்தே படிங்க.