கொழும்புக்குப் போகாத கார்

போன தைப்பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டு விறாந்தையில் கார்க் கதை எழும்பியது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடை நீங்கினதில் இருந்து எங்கட ஊர்ப் பக்கமும் இந்தக் கதை ஓயவில்லை. பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் மின்சாரக் கார் எடுக்கப் போறாராம் என்று யாரோ சொல்ல, பெரியப்பா கேட்ட முதல் கேள்வி: "உது ஒரே சார்ஜில கொழும்புக்குப் போய்ச் சேருமோ?"

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். "பெரியப்பா, நீங்கள் கடைசியா உங்கட காரில கொழும்புக்குப் போனது எப்ப?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "கொழும்புக்கு நான் பஸ்ஸிலயெல்லோ போறனான், பிள்ளை" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவருடைய கார் போகிற இடங்கள் எங்கள் எல்லாருக்கும் தெரியும். திருநெல்வேலிச் சந்தை, நல்லூர்க் கோயில், பெரியாஸ்பத்திரி, எப்போதாவது பருத்தித்துறை. அவ்வளவுதான்.

சிரிப்பு முடிந்தாலும் அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. தேடி வாசித்தபோதுதான் அதன் வயது பெரியப்பாவின் வயதை விடக் கூட என்று விளங்கியது. நூறு வருசத்துக்கு முதலே ஒரு தலைமுறை மின்சாரக் கார்களை இதே கேள்வி பின்தள்ளி இருக்கிறது.

மின்சாரக் கார் எங்கட காலத்துப் புதுச் சாமான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் 1897இலேயே லண்டன் வீதிகளில் மின்சார வாடகைக் கார்கள் ஓடின. அவை போடும் ரீங்காரத்துக்காகவும் மஞ்சள் கறுப்பு நிறத்துக்காகவும் சனம் அவற்றை 'ஹம்மிங்பேர்ட்' என்று கூப்பிட்டது. அதே வருசம் நியூயோர்க்கிலும் மின்சார வாடகைக் கார்கள் வந்தன. பற்றரி இறங்கினால் நிலையத்துக்குக் கொண்டுபோய், அதைக் கழற்றிவிட்டு சார்ஜ் ஏற்றி வைத்திருக்கும் இன்னொன்றைப் பூட்டி அனுப்புவார்கள். 1899இல் பாரிஸுக்குப் பக்கத்தில் கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் ஓட்டிய கார்தான் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டிய முதல் கார். அதுவும் மின்சாரத்தில் ஓடியது. 1900 அளவில் அமெரிக்க வீதிகளில் ஓடிய கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மின்சாரக் கார். மிச்சம் நீராவியும் பெற்றோலும்.

அந்தக் காலத்தில் ஒரு காரை வைத்து ஓடுகிறது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெற்றோல் கார் என்றால் முன்பக்கம் போய், இரும்புக் கைபிடியைச் செருகிப் பலம் கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை முறியும். பிறகு கியர், கிளச் எல்லாத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும். புகை, மணம், சத்தம் வேறு. மின்சாரக் காரில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. ஏறி இருந்து ஒரு நெம்பை முன்னுக்குத் தள்ளினால் கார் நகரும். டெட்ரொயிட் எலெக்ட்ரிக் போன்ற கார்களின் உட்புறம் ஒரு சின்ன விறாந்தை மாதிரி. நாலு பக்கமும் கண்ணாடி, மெத்தை இருக்கை, பூ வைக்க ஒரு சாடி. வட்டமான ஸ்டியரிங்குக்குப் பதிலாக ஒரு நீட்டுப் பிடி. வேகம் மணிக்கு 30, 40 கிலோமீற்றர். ஒரு தரம் சார்ஜ் ஏற்றினால் 80 மைல், அதாவது கிட்டத்தட்ட 130 கிலோமீற்றர் ஓடும் என்று விளம்பரம் செய்தார்கள். பகலில் நோயாளிகளைப் பார்க்கப் போகிற டொக்டரும், கடைக்கும் சிநேகிதி வீட்டுக்கும் போகிற நகரத்துப் பெண்ணும் இரவில் காரைக் கராஜில் விட்டு சார்ஜ் போட்டால் விடிய ஆயத்தமாக நிற்கும்.

கஷ்டமும் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஈய அமிலப் பற்றரி சரியான பாரம். அடிக்கடி தண்ணீர் அளவு பார்த்து விட வேண்டும். குளிர் காலத்தில் ஓடும் தூரம் குறையும். பற்றரிக்கு நேர் மின்னோட்டம் தேவை, பல வீடுகளுக்கு வந்ததோ மாறு மின்னோட்டம். அதனால் ஒன்றை மற்றதாக மாற்றும் ஒரு கருவியையும் வாங்கிக் கராஜில் பூட்ட வேண்டும். பாதரச ஆவி அடைத்த பெரிய கண்ணாடிக் குமிழ் ஒன்று அதுக்குள் நீல வெளிச்சத்தில் எரியும். இதெல்லாம் காசுக்காரருக்குத்தான் சரி. 1912 அளவில் ஒரு பெற்றோல் கார் 650 டொலருக்குக் கிடைத்தபோது, மின்சாரக் கார் ஒன்று 1,750 டொலர்.

மின்சாரக் கார் ஏன் தோற்றது என்று கேட்டால் வழமையாகச் சொல்லும் காரணங்கள் மூன்று. 1901இல் டெக்சாஸில் பெரிய எண்ணெய்க் கிணறு பீறிட்டது, எண்ணெய் மலிந்தது. 1908இல் ஹென்றி ஃபோர்டின் மொடல் டீ வந்தது, வருசா வருசம் விலை இறங்கியது. 1912இல் சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் கடிலாக் கார்களில் பூட்டப்பட்டது, கையால் சுற்றும் தொல்லை போனது. மூன்றாவதில் ஒரு பகிடி இருக்கு. ஸ்டார்ட்டர் என்பது ஒரு சின்ன மின் மோட்டாரும் ஒரு பற்றரியும்தான். மின்சாரக் காரின் உறுப்பைக் கடன் வாங்கித்தான் பெற்றோல் கார் அதைத் தோற்கடித்தது.

மூன்றும் உண்மை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. கார் என்றால் என்னத்துக்கு என்று சனம் நினைத்தது என்பது.

அந்தக் காலத்தில் காசுள்ள ஆண்களுக்குக் கார் ஒரு சாகசச் சாமான். 1908இல் நியூயோர்க்கில் இருந்து பாரிஸ் வரைக்கும் ஒரு கார்ப் போட்டியே நடந்தது. சேற்றில் புதைவதும், வழியில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதும், எண்ணெய் பூசிய கையோடு படம் எடுப்பதும்தான் பெருமை. அப்படிப் பார்த்தால் சத்தம் போடாமல் கடைக்குப் போய்த் திரும்பும் ஒரு கார் எந்த மூலைக்கு? அது 'பெண்களின் கார்' ஆகிப்போனது. செய்து விற்றவர்களும் பெண்களுக்கு ஏற்றது என்றே விளம்பரம் போட்டார்கள். மொடல் டீயைச் செய்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே 1914ஆம் ஆண்டு மொடல் டெட்ரொயிட் எலெக்ட்ரிக் ஒன்றைத்தான் ஓடினார். அதே 1914இல் ஃபோர்டும் எடிசனும் சேர்ந்து மலிவான மின்சாரக் கார் ஒன்று செய்யப்போவதாக அறிவிப்பு வந்தது. கார் மட்டும் கடைசிவரை வரவில்லை.

இந்தப் 'பெண்களின் கார்' கதை எங்களுக்குப் புதிசில்லை. ஒருநாள் அவசரத்துக்கு என்னுடைய ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போன தம்பி, சந்தியில் இறங்கியும் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. தெரிஞ்சவங்கள் கண்டால் நக்கலடிப்பாங்களாம். அந்த ஸ்கூட்டிதான் எங்கட வீட்டில் கூட வேலை செய்கிற வாகனம். மரக்கறி, மருந்து, அம்மம்மாவின் கிளினிக், என்னுடைய கம்பஸ் எல்லாத்துக்கும் அதுதான். தம்பியின் மோட்டார் சைக்கிள் பின்னேரம் விளையாட்டுக்கும் வல்லைவெளிப் பக்கம் காற்று வாங்கவும் போகும். ஆனால் 'வாகனம்' என்று மதிக்கப்படுவது எது?

தினசரி வேலை சின்ன வேலை, அதைச் செய்யும் சாமானும் சின்னச் சாமான் என்ற அதே கணக்குத்தான். நகரத்து மனுசர் ஒரு நாளில் ஓடும் தூரத்துக்கு அன்றைய மின்சாரக் கார் தாராளமாகப் போதும். ஆனால் அதை அளந்தது எப்போதாவது ஒருநாள் போகக்கூடிய ஒரு பயணத்தை வைத்து.

அந்த அளவுகோல் இல்லாத இடங்களில் மின்சார வாகனம் சாகவில்லை. அமெரிக்க நகரங்களில் பெரிய கடைகளின் சாமான் கொண்டுபோகும் வான்கள் 1920கள் வரையும் மின்சாரத்தில் ஓடின. ஹார்ட்ஃபோர்ட் நகரத்து மின்சாரக் கம்பனி, பற்றரியைத் தானே வைத்துக்கொண்டு, ஓடின தூரத்துக்குக் காசு வாங்கிப் பற்றரி மாற்றிக் கொடுத்தது. இங்கிலாந்தில் விடியப்புறம் வீட்டு வாசலில் பால் போத்தல் வைத்துப் போன மின்சாரப் பால் வண்டிகள் இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் காலம் வரை ஓடின. பால்காரருக்குத் தன் ஒழுங்கைகள் தெரியும், தூரம் தெரியும். 'லண்டனில் இருந்து ஸ்கொட்லாந்துக்குப் போகுமோ' என்று அவர் கேட்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு எல்லாம் மனப்பான்மைதான் என்று முடித்தால் அது அநியாயம். 1930களின் நடுப்பகுதியில்கூட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் கரண்ட் இருந்தது. பெற்றோலைத் தகரத்தில் கொண்டுபோகலாம், கரண்டை அப்படிக் கொண்டுபோக ஏலாது. எங்களுக்கும் இது பொருந்தும். சொந்த வீடும், கார் விட இடமும், கூரையில் சோலார் தகடும் உள்ளவருக்கு மின்சாரக் கார் ஒரு கதை. வாடகை வீட்டில், அனெக்ஸில் இருப்பவருக்கு வேறு கதை. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் காய்ந்தது எங்களுக்கு நினைவிருக்கு. அதே வருசம் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதும் நினைவிருக்க வேண்டும். இரவில் எங்கே சார்ஜ் போடுவது, கரண்ட் நிண்டால் என்ன செய்வது என்பவை நியாயமான கேள்விகள். கொழும்பு வரை போகுமோ என்பதை விட இவைதான் முக்கியம்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளால் இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு தன்ர பழைய மொறிஸ் மைனரின் கதையைத் தொடங்கினார். 1990க்குப் பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வரத் தடை. பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டின காலம். ஸ்டார்ட் எடுக்க மட்டும் சொட்டுப் பெற்றோல், அதுவும் ஒரு சின்னப் போத்தலில் பொன் மாதிரிப் பொத்தி வைத்திருந்தது. கொழும்புக்குப் போற சனம் கிளாலியில் வள்ளம் ஏறிப் போன காலம். கார் குடாநாட்டை விட்டு வெளிய போக வழியே இல்லை.

"அஞ்சு வருசம் அது பருத்தித்துறைக்கு அங்கால போகேல்ல. ஆனா ஊரில எத்தின பிள்ளைப்பெறுக்கு அந்தக் கார் ஆஸ்பத்திரிக்குப் போனது தெரியுமோ?" என்றார். சொல்லிவிட்டுத் தானே நிறுத்தினார். கொஞ்ச நேரத்தால் என்னைப் பார்த்து, "அப்ப உந்தக் கார் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வர எவ்வளவு சார்ஜ் முடியும்?" என்று கேட்டார்.